இடப்பக்கத்து நான்கு குழாய்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஆறு ஆண்கள் இருந்தோம். ஐந்து பேரிடம் பஸ் பாஸோ சின்ன ஜப்பான் காரோ இருந்தது. ஆறாவது ஆள் என் அண்ணை. அவர் ஒரு சனிக்கிழமை காலை, எசெக்ஸ் பக்கத்தில் கட்டட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய அமெரிக்கப் பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எட்டுச் சிலிண்டர் எஞ்சின். முன்பக்கம் எங்கள் வாசலிலும் பின்பக்கம் அடுத்த வீட்டு வாசலிலும் நின்றது.

"அண்ணை, இதை வீட்டுக்குப் பக்கத்தில விட்டிருக்கிறியளோ, வீட்டை இதுக்குப் பக்கத்தில விட்டிருக்கிறியளோ?" என்று கேட்டான் ஒருவன்.

"ஒரு ரவுண்டபவுட் சுத்தி முடியிறதுக்குள்ள பெற்றோல் ஷெட்டைத் தேடவேணும்," என்றான் இன்னொருவன்.

"அதுக்கென்ன, நான் வேலை செய்யிறதே பெற்றோல் ஷெட்டிலதானே," என்றார் அண்ணை.

அவர் சொன்னது உண்மை. வாரநாட்களில் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். சனி ஞாயிறில் கலியாண மண்டபங்களுக்குக் கதிரைகளும் பெரிய சமையல் கிடாரங்களும் ஏற்றி இறக்குவார். அதற்கு ஒரு பழைய வான் போதும். ஆனால் இந்தப் பிக்கப் சாமான் ஏற்றுவதற்கென்று மட்டும் செய்யப்பட்டதல்ல. வேகத்துக்கென்றே ஒரு பெரிய எஞ்சினைப் போட்டுச் செய்த ரகம். முன்னைய சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து இறக்குவித்து, ஸ்டியரிங்கையும் இந்த நாட்டுக்கு ஏற்ற மாதிரி வலப்பக்கத்துக்கு மாற்றுவித்து வைத்திருந்தார்.

அண்ணைக்கு ஓர் ஆசை இருந்தது. லண்டனுக்கு வடக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் பழைய விமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. அங்கே சில ஞாயிற்றுக்கிழமைகளில் லைசென்ஸும் ஹெல்மெட்டும் உள்ள யாரும் தங்கள் சொந்த வண்டியை நேர்கோட்டில் கால் மைல் ஓட்டலாம். ஓடி முடித்தால் ஒரு சின்னக் கடதாசித் துண்டில் நேரத்தை அச்சடித்துத் தருவார்கள். அவ்வளவுதான், பரிசு கிடையாது. அண்ணை ஒருமுறை வேலையிடத்து நண்பர் ஒருவருடன் பார்க்கப் போய், நாள் முழுக்க வேலியைப் பிடித்தபடி நின்றாராம். அன்றிலிருந்து தன் பெயருக்கும் அப்படி ஒரு துண்டு வேண்டும் என்று இருந்தார்.

அந்த ஆவணி மாதம் கொழும்பில் காத்திருந்த அண்ணிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் விசா கிடைத்தது. ஐப்பசி நடுப்பகுதியில் வருகிறார்கள். பிக்கப்பில் இருந்தது ஒரேயொரு வரிசை இருக்கை. பின்னால் கதிரை ஏற்றலாம், பிள்ளைகளை ஏற்ற முடியாது. ஏழு இருக்கை வான் ஒன்றுக்கு இதை மாற்றிவிடுவதென்று அண்ணை முடிவு செய்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"ஓடுபாதையில வாற மாசக் கடைசி ஞாயிறுதான் இந்த வருசத்துக்குக் கடைசி. அண்டைக்கு ஒருக்கா ஓட்டிப்போட்டுக் குடுத்திடுவம்."

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. எஞ்சின் குளிராக இருக்கையில் ஸ்டார்ட் பண்ணினால் இடப்பக்கத்திலிருந்து சுவர்க்கடிகாரம்போல டிக் டிக் என்று கேட்கும். மனிபோல்ட்டில் வெடிப்பு. எஞ்சினின் இரு பக்கமும் ஒவ்வொரு வார்ப்பிரும்பு மனிபோல்ட் இருக்கும். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள் கக்கும் புகையை வாங்கிச் சைலன்சர் குழாய்க்குள் விடுவது அதன் வேலை. அதே இரும்பை மறுபடி வாங்கிப் போடலாம். அல்லது இரண்டு பக்கத்துக்கும் ஹெடர் போடலாம். ஹெடர் என்றால் நான்கு சிலிண்டருக்கும் நான்கு தனி நீளக் குழாய்கள், கீழே போய்த்தான் ஒன்றாகக் கூடும். ஒன்றின் புகை மற்றதின் வழியை மறிக்காது. எஞ்சின் மூச்சுத் திணறாமல் ஓடும்.

"போடுறதெண்டால் ஹெடரே போடுவம்," என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்தார். "எது நல்லதெண்டு நீ பாத்துச் சொல்லு தம்பி. நீதானே படிச்சனி."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு பாரம் உண்டு. அப்பாவும் அம்மாவும் பெருவிரல் மையில் ஒற்றியவர்கள். அண்ணை ஐந்தாம் வகுப்போடு லொறியில் உதவியாளாக ஏறியவர். உயர்தரம் வரை போன முதல் ஆள் நான்தான். லண்டனில் என்னைக் கொலிஜில் சேர்த்து இயந்திரவியல் படிக்க வைத்ததும் அவர்தான். கவுன்சில் கடிதம், காஸ் பில், விசாப் படிவம் எல்லாம் நான்தான் வாசிப்பேன், நிரப்புவேன். ஆனால் அதெல்லாம் ஆங்கிலம் தெரிந்த எவனும் செய்யக்கூடியவை. நான் படிக்கிற விஷயத்திலேயே அண்ணை என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு அமெரிக்கக் கம்பனிகளின் கட்டலொக் புத்தகங்களைத் தபாலில் எடுப்பித்தேன். இல்ஃபர்ட் நூலகத்தில் மேசையொன்றைப் பிடித்து, கொப்பியில் நடுவே கோடிழுத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் எழுதினேன்.

முதல் கம்பனியின் குழாய் ஒன்றேமுக்கால் அங்குல விட்டம். பளபளவென்று மின்னியது. குதிரைவலு எவ்வளவு கூடும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டாவது கம்பனியின் குழாய் அதைவிட ஒரு நூல் ஒடுக்கம். வெளியே சாம்பல் நிறத்தில் பீங்கான் பூச்சு. குதிரைவலு கொஞ்சம் குறைவாகவே போட்டிருந்தது. மேலோட்டமாகப் பார்க்கிறவன் முதலாவதைத்தான் எடுப்பான். நான் அடியில் இருந்த வரைபடங்களைப் பார்த்தேன். முதலாவது சொன்ன வலு, எஞ்சின் உச்ச வேகத்தில் அலறும்போது மட்டும் வருவது. இவ்வளவு பாரமான வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்கு அது உதவாது. ஒடுங்கிய குழாயில் புகை வேகமாகப் போகும், தொடக்கத்திலேயே இழுவை கிடைக்கும். பிறகு தகட்டின் தடிப்பு. முதலாவதுக்குப் பதினெட்டு கேஜ், இரண்டாவதுக்குப் பதினாறு கேஜ் என்றிருந்தது. எண் கூடினால் தடிப்பு குறைவு என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் ஏமாறவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எஞ்சினோடு பொருந்தும் பட்டையும் இரண்டாவதில் தடிப்பானது, சூட்டில் கோணாது.

படங்களையும் பார்த்து வரைந்தேன். இடப்பக்க ஹெடரும் வலப்பக்க ஹெடரும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றாக இருக்கவில்லை. இடப்பக்கத்தில் கடைசி இரண்டு குழாய்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஒரு பெரிய இடைவெளி விட்டு வளைந்திருந்தன. 'இரண்டும் ஒன்றல்ல' என்று அம்புக்குறி போட்டு எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அன்று பின்னேரம் குசினியில் அண்ணை மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் கொப்பியை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒரு கேள்வி கேட்டார்.

"இஞ்சத்தை மழைக்கும் உப்புக்கும் எது தாங்கும்?"

"இரண்டாவது அண்ணை. பூச்சு இருக்குது."

கையைத் துடைத்துவிட்டுக் குனிந்து படத்தை நெடுநேரம் பார்த்தார். "இந்த வளைவு..." என்று தொடங்கினார்.

"அது அவங்கள் கணக்குப் பாத்துத்தான் செய்திருப்பாங்கள்," என்றேன்.

"ஓம், ஓம்," என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினார்.

இரண்டாவது கம்பனிக்கே பணம் அனுப்பினோம், அமெரிக்காவிலிருந்து பெட்டி வந்து சேர்ந்தபோது ஓடுபாதை நாளுக்கு ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. பார்க்கிங்கில் ரயில் பாதைக்குக் கீழே வளைவுகளுக்குள் கராஜ்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் பாதியை வாடகைக்கு எடுத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தார் அண்ணையின் நண்பர் ஒருவர். மன்னார்க்காரர், மாதா படத்துக்குக் கீழே காஸ் சிலிண்டரை வைத்திருப்பவர். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே அங்கே போய்விட்டோம். நான் பெட்டியைத் திறந்ததும் அவர் எட்டிப் பார்த்தார்.

"மச்சான், உது என்ன கணவாயோ? காலெல்லாம் நீட்டிக்கொண்டு கிடக்கு."

"கறி வைக்கேலாது, பூட்டத்தான் ஏலும்," என்றார் அண்ணை.

இடப்பக்கத்தை முதலில் எடுத்தோம். வெடித்த மனிபோல்ட்டைக் கழற்றத்தான் நேரம் போனது, போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடந்தன. புதியது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடைசி இரண்டு குழாய்களுக்கும் இடையில் என் கை முழங்கை வரை போகும் அளவுக்கு வெற்றிடம். ஸ்பானரைப் பிடிக்க நல்ல வசதி என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

வலப்பக்கம் போகவில்லை. மேலிருந்து விட்டுப் பார்த்தோம், கீழிருந்து ஏற்றிப் பார்த்தோம். எஞ்சினை ஜாக்கியால் இரண்டு அங்குலம் தூக்கியும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மூன்றாவது குழாய் ஒரே இடத்தில் போய் முட்டியது. டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து கீழே இறங்கும் இரும்புத் தண்டு. அது போகும் வழியிலேயே என் குழாயும் போகப் பார்த்தது.

மன்னார்க்காரர் சில்லு வைத்த பலகையில் மல்லாந்தபடி கீழிருந்து சொன்னார்: "மச்சான், உது அமெரிக்காக்காரன் தன்ர வண்டிக்குச் செய்தது. அவனுக்கு ஸ்டியரிங் அந்தப் பக்கமெல்லே."

இடப்பக்கத்து இடைவெளி எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே ஒரு தண்டு இருந்திருக்க வேண்டும். அதைக் கழற்றி இந்தப் பக்கம் பூட்டிப் பல வருடங்களாகிவிட்டன. குழாயின் விட்டத்தை நூல் கணக்கில் ஒப்பிட்டேன். தகட்டின் எண்ணில் ஏமாறாமல் தப்பினேன். வாசலில் நின்ற வண்டியின் எஞ்சின் மூடியை ஒரு தடவை திறந்து குனிந்து பார்க்கவில்லை.

இரண்டு ஹெடர்களையும் பக்கம் மாற்றிப் போட முடியுமா என்றுகூடக் கேட்டேன். மன்னார்க்காரர் ஒன்றைத் தூக்கி வலப்பக்கத்தில் பிடித்துக் காட்டினார். குழாய்களின் வாய் முன் பம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இரண்டு குழாயை வெட்டி வளைச்சு ஒட்டலாம். செய்யலாம். ஆனால் நாளைக்கு ஏலாது," என்றார். "இல்லாட்டிச் சூடாக்கி அந்த இடத்தைச் சுத்தியலால அடிச்சுப் பள்ளம் பண்ணலாம். தண்டுக்கும் குழாய்க்கும் ஒரு விரல் இடம் வரும்."

"வேண்டாம். ஸ்டியரிங்கோட விளையாடேலாது," என்றார் அண்ணை.

நான் வெளியே போய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த பழைய ரயர்களில் உட்கார்ந்தேன். மேலே ரயில் ஒன்று போய் முடியும்வரை எதுவும் கேட்கவில்லை. அண்ணை இரண்டு கப்பில் தேத்தண்ணி கொண்டுவந்து ஒன்றை நீட்டினார்.

"அண்ணை, பிழை விட்டிட்டன்."

"குடி முதல்ல."

"நாளைக்கு ஓடேலாமல் போச்சு. இனி இந்த வருசம் நாள் இல்லை."

அவர் கப்பை ஊதினார். "எனக்கு அண்டைக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. அந்தப் படத்தைப் பாக்கேக்க. ஸ்டியரிங் தண்டு எங்களுக்கு மற்றப் பக்கமெல்லே, இவன் ஏன் இந்தப் பக்கம் வளைச்சிருக்கிறான் எண்டு யோசிச்சன்."

நான் அவரையே பார்த்தேன். "ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீ கணக்கெண்டாய்." சிரித்தார். "நான் அஞ்சாம் வகுப்பு. நீ எல்லாம் எழுதி வைச்சிருந்தனி. இதையும் யோசிச்சிருப்பாய் எண்டு விட்டிட்டன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. வேறு யாரோ இரண்டு பேரைப் பற்றிய பகிடியைப்போலத்தான் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருடம் லொறிக்குக் கீழே படுத்தெழும்பிய மனிதர் அவர். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்த உடனேயே அவருக்குச் சரியான கேள்வி வந்திருக்கிறது. அதை வாய்க்குள்ளேயே நிறுத்தியது என் கொப்பி. அவர் சோறு போட்டுப் படிக்க வைத்த படிப்பு.

"அண்ணை, இப்ப நீங்கள் சொல்லுங்கோ," என்றேன். "என்ன செய்வம்?"

அவர் கப்பை ரயரில் வைத்துவிட்டுப் பிக்கப்பைப் பார்த்தார்.

"வெடிச்சது இடப்பக்கம். அது சரி வந்திட்டுது. வலப்பக்கத்துப் பழைய இரும்பில ஒரு பிழையும் இல்லை. அது அப்படியே இருக்கட்டன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் இருந்தால் எஞ்சினுக்கு ஏதும் பழுது வருமோ? அது எனக்குத் தெரியாது. நீதான் சொல்லவேணும்."

இந்த முறை நான் உள்ளே போய், மூடிக்குள் குனிந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். பிறகுதான் சொன்னேன். எஞ்சின் உடையாது. இடப்பக்கம் லேசாகவும் வலப்பக்கம் கொஞ்சம் அடைபட்டும் மூச்சுவிடும். ஹெடரால் கூட வேண்டிய வலுவில் பாதிதான் கூடும். சத்தம் ஒரு மாதிரி இருக்கும்.

"சத்தத்தை ஆர் கேக்கப் போறான்," என்றார் அண்ணை.

இடப்பக்க ஹெடரின் வாயையும் பழைய சைலன்சர் குழாயையும் இணைக்க மன்னார்க்காரர் ஒரு முழ நீளத்தில் குழாய் வெட்டி ஒட்டித் தந்தார். வலப்பக்க மனிபோல்ட்டை அண்ணை மறுபடி பூட்ட, நான் டோர்ச் பிடித்தேன். மூன்று மணிபோல ஸ்டார்ட் பண்ணினார். டிக் டிக் போய்விட்டது. இடப்பக்கம் கணீரென்று இருந்தது. வலப்பக்கம் பழையபடி தொண்டையைச் செருமியது.

"நாதஸ்வரக்காரனுக்குப் பக்கத்தில சளி பிடிச்சவன் ஒருத்தனை இருத்தின மாதிரி இருக்கு," என்றார் மன்னார்க்காரர். அண்ணை சந்தோஷமாக இன்னொருமுறை அக்சிலேட்டரை மிதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடியிருந்தது. ஓடுபாதையில் ஓட விடுமுன் ஒவ்வொரு வண்டியையும் ஒருவர் மூடி திறந்து சோதிப்பார். எங்களைச் சோதித்தவர் வயதான வெள்ளைக்காரர். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மறுபடி இடப்பக்கம் பார்த்துவிட்டு, ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணை தன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டார்: இடப்பக்கம் உடைஞ்சது, வலப்பக்கம் நல்லது. அந்த மனிதர் இதைவிடத் தெளிவான காரணத்தைக் கேட்டதில்லை என்பதுபோலத் தலையாட்டி, கண்ணாடியில் இலக்கத்தை ஒட்டினார்.

இரண்டிரண்டு வண்டிகளாகத்தான் விடுவார்கள்; பக்கத்துத் தடத்தில் சின்னக் கார் ஒன்றில் ஓர் இளம் பெண் இருந்தாள். பச்சை விளக்கு விழுந்ததும் பிக்கப்தான் முதலில் பாய்ந்தது. தொடக்கத்திலேயே இழுவை என்று கொப்பியில் எழுதிய வரி எனக்கு ஞாபகம் வந்தது. பாதி தூரம் அண்ணை முன்னால். பிறகு அந்தச் சின்னக் கார் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது. அவர் திரும்பி வரிசைக்கு வருவதற்குள் மழை தூறத் தொடங்கியது. மழையில் ஓட விடமாட்டார்கள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அண்ணைக்கு அந்த ஒரு ஓட்டம்தான். துண்டில் பதினாறு வினாடியும் சொச்சமும் என்று இருந்தது. அவர் அதை நாலாக மடித்து, பேர்ஸில் பிள்ளைகளின் படத்துக்குப் பின்னால் வைத்தார். லண்டனுக்குள் வந்து நோர்த் சேர்க்குலர் ரோட்டில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டார்:

"பாதி தூரம் நான்தானே முன்னுக்கு?"

"ஓம் அண்ணை. பாதிக்கு மேல."

அடுத்த வாரம் மோர்டனில் ஒரு வீட்டில் ஏழு இருக்கை வான் ஒன்றைப் பார்க்கப் போனோம். சொந்தக்காரர் வண்டியின் சேவிஸ் புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். நான் முதல் பக்கத்தைத் திறந்தபோது அண்ணை வழக்கம்போல என் தோளருகில் வந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் கீழ பாருங்கோ அண்ணை," என்றேன். "நான் வாசிக்கிறன். அங்க இருக்கிறது இதில இல்லாட்டிச் சொல்லுங்கோ."

அவர் ஜக்கெட்டைக் கழற்றி ஈர நிலத்தில் விரித்துப் படுத்து வானுக்குக் கீழே போனார். நான் சத்தமாக வாசித்தேன். எண்ணெய் மாற்றியது, பிரேக் மாற்றியது, சைலன்சர் முழுவதும் போன வருடம் புதிதாகப் போட்டது.

"எது புதுசு?" என்றது கீழிருந்து குரல்.

"சைலன்சர். முழுசும் எண்டு போட்டிருக்கு."

"பின் பாதிதான் புதுசு. முன் பாதி ஆதிகாலத்துப் பழசு. இஞ்ச வந்து பார்."

நான் புத்தகத்தை மூடி வானின் மேல் வைத்துவிட்டு, கொலிஜுக்குப் போடும் காற்சட்டையோடு அவருக்குப் பக்கத்தில் படுத்தேன்.